தலைமைப் பெட்டிக்கு அரைமணி ஓய்வு

நிலாவில் ஆயுத பூசை கொண்டாடுவதில் உள்ள பெரிய சங்கடம், பூசணிக்காய் உடையாது என்பதுதான். எவ்வளவு ஓங்கிப் போட்டாலும் அது சாவகாசமாகத் தரையைத் தொட்டு, கூரை வரைக்கும் எழும்பி, அங்கே ஒரு முட்டு முட்டிவிட்டு மறுபடி இறங்கும். மேலப்பள்ளத்தில் முதல் வருடம் போட்ட பூசணிக்காய் மூன்று நாள் துள்ளிக்கொண்டிருந்ததாகச் சத்தியம் செய்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். கடைசியில் பாறை உடைக்கும் சம்மட்டியால் ஒரு போடு போட்டு உடைத்தார்கள். சம்மட்டியோ பூசையில் வைத்திருந்த கருவி. பூசையில் இருப்பதை எடுத்து வேலை வாங்கிய குற்றத்துக்குப் பரிகாரமாக இன்னொரு பூசணிக்காய் உடைக்க வேண்டும் என்றார்கள். அதை உடைக்கவும் அதே சம்மட்டிதான். இப்படியே போய், அந்த வருடத்துப் பூசணி விளைச்சல் முழுவதும் சாம்பாருக்கு ஒரு கீற்றுகூட மிஞ்சாமல் தீர்ந்தது.

மேலப்பள்ளம் என்பது நிலாவின் தென்முனையில், வெயில் எட்டாத ஒரு பெரும் பள்ளத்தின் விளிம்பில் இருந்த குடியிருப்பு. பதினாறு குடில்கள், அறுபது சொச்சம் ஜனங்கள். பள்ளத்துப் பனியை வெட்டித் தண்ணீராக்கிக் கப்பல்களுக்கு நிரப்புவது தொழில். ஆள் பிடித்த அதிகாரி திருநெல்வேலிக்காரர். சொந்தபந்தங்களோடு ஒரே கூரைக்குக் கீழே இருபது வருடம் காலம் தள்ளியவர்களுக்கு நிலா ஒரு கஷ்டமே இல்லை என்பது அவருடைய கணக்கு. ஆகவே பாளையங்கோட்டையிலிருந்து அம்பாசமுத்திரம் வரை வலை வீசி, அறுபது பேரையும் அள்ளிக்கொண்டு வந்து இறக்கிவிட்டார். அவர் மட்டும் வரவில்லை.

நாலாவது குடிலின் பெட்டிக்குப் பொறுப்பாளர் சங்கரவடிவு. பெட்டி என்றால் சுவிட்ச். விளக்குப் போடுகிற சுவிட்ச் அல்ல. கடிதம், பேச்சு, காற்றின் அளவு, தண்ணீரின் அளவு எல்லாவற்றையும் இன்னது இன்ன இடத்துக்கு என்று பிரித்து அனுப்புகிற கருவி. முறுக்கு டின் அளவில், முன்பக்கம் வரிசையாகப் பச்சைக் கண்களை மினுக்கிக்கொண்டு இருக்கும். குடிலுக்கு ஒன்று வீதம் பதினாறு.

சமையல் குடிலைக் கட்டி ஆண்ட பிரம்மசக்தி அம்மாளுக்கு இந்தப் பதினாறு கணக்கு பதினோரு வருடமாக மண்டையில் ஏறவில்லை. வருடா வருடம் ஆயுத பூசைக்கு முந்தின நாள், கொண்டைக்கடலையை ஊறப்போட்டுவிட்டு அதே கேள்வியைக் கேட்பாள். எல்லா டப்பாவும் வேலை செய்யும்போது, கோமதிநாயகம் அண்ணாச்சியின் டப்பாவுக்கு மட்டும் எதற்கு மாலை, சந்தனம், ஊரைக் கூட்டிப் பூசை?

இந்த வருடமும் சங்கரவடிவு சலிக்காமல் சொன்னாள். "பதினாறும் சேந்து ஒரு கொத்து, மதினி. பூமிக்காரன் கொத்துக்கு ஒரே ஒரு விலாசம்தான் குடுத்திருக்கான். அது அண்ணாச்சி பெட்டிக்கு. அதுதான் தலைமைப் பெட்டி. மத்த பதினஞ்சுக்கும் விலாசமே கெடையாது, வெறும் நம்பர்தான். நான் நாலு, நீங்க ஒம்பது."

"அப்பம் நான் எம்மவனுக்கு எழுதுத கடுதாசி?"

"அண்ணாச்சி பெட்டிக்குப் போயி, அங்கயிருந்து அவரு விலாசத்துலதான் பூமிக்குப் போவும். அங்கயிருந்து வாரதும் அப்படித்தான்."

"எங்க வீட்டு வழக்கெல்லாம் அவரு வாசிப்பாரோ?"

"வாசிக்க முடியும்," என்றாள் சங்கரவடிவு. "வாசிக்க மாட்டாரு."

கொத்தில் சேரும்போதே ஒரு பெட்டியின் சொந்தச் சாவிச்சொல் போய்விடும். தலைமைப் பெட்டியின் சாவிச்சொல் வந்து அங்கே உட்கார்ந்துகொள்ளும். பதினைந்து வீட்டின் சாவியும் ஒருவர் இடுப்பில். பூமிக்கு இதெல்லாம் தெரியாது. பூமியைப் பொறுத்தவரை நிலாவில் இருப்பது ஒரே ஆள், அவர் பெயர் கோமதிநாயகம். ஆறாவது குடிலில் ஒரு பெண்ணுக்குப் பிரசவம் ஆனபோது, சுகமாகப் பெற்றுப் பிழைத்ததற்கு அவருக்குத்தான் வாழ்த்து வந்தது. கூடவே மூன்று மாதப் பேறுகால விடுப்பும், கருப்பட்டியும் சுக்கும் சேர்த்துச் செய்த லேகியம் ஒரு டின்னும் அடுத்த கப்பலில் வந்து இறங்கின. லேகியத்தை அவர் அந்தப் பெண்ணுக்குக் கொடுத்துவிட்டார். விடுப்பைத் தானே எடுத்துக்கொண்டார்.

அப்படிப்பட்ட வேடிக்கை மனிதர். சங்கரவடிவும் அவரும் ஒரே கப்பலில் வந்தவர்கள். வழி நெடுக ஐந்து நாள் அவள் வாந்தி எடுத்தாள். எடை இல்லாத இடத்தில் வாந்தி எடுப்பது என்றால் அதைத் துரத்திப் பிடிக்க ஒரு ஆள் வேண்டும். பையை வைத்துக்கொண்டு ஐந்து நாளும் துரத்திப் பிடித்தவர் கோமதிநாயகம். அன்றிலிருந்து அவர் அண்ணாச்சி, இவள் தங்கச்சி. வயிற்றில் இருந்ததை எல்லாம் பார்த்துவிட்ட மனிதரிடம் மனசில் இருப்பதை மறைக்க என்ன இருக்கிறது என்று அவள் நினைத்தாள்.

பதினாறில் தலைமை தாங்கக்கூடிய பெரிய பெட்டிகள் இரண்டுதான்: அவருடையதும் அவளுடையதும். மற்றவை சின்னவை, சொன்னதைக் கேட்கும், சொல்லத் தெரியாது. அவர் பெட்டி கண் மூடினால் அடுத்த நொடி அவள் பெட்டி கொத்தின் விலாசத்தைத் தன் தலையில் தூக்கி வைத்துக்கொள்ளும். அவர் பெட்டி விழித்ததும் இறக்கிக் கொடுத்துவிடும். யார் பெரியவர் என்பதற்கு ஒரு முன்னுரிமை எண் உண்டு. அவருக்கு இருநூறு, அவளுக்கு நூற்றைம்பது.

முதல் வருடம் இரண்டுக்கும் ஒரே எண்ணைப் போட்டுத் தொலைத்துவிட்டார்கள். இரண்டு பெட்டியும் நாளைக்கு நாற்பது தடவை தலைமையை மாற்றி மாற்றிப் பறித்துக்கொண்டன. தலைமை அவளிடம் போகும்போதெல்லாம், காலியான நாலாம் எண்ணில் அவர் போய் விழுவார். பூமி அலுவலகத்தில் இருந்தவர்கள் தலைசுற்றி மாத்திரை போட்டுக்கொண்டார்கள் என்று கேள்வி. அதற்குப் பிறகுதான் கண்டிப்பான உத்தரவு வந்தது: எண்ணைக் கூட்டித் தலைமையை நிரந்தரமாக எடுக்க வேண்டுமென்றால், பெட்டிக்காரர் தன் கட்டைவிரலைத் தானே மனமுவந்து பதிக்க வேண்டும். பதித்துவிட்டால் ஒரு வருடத்துக்கு மாற்ற முடியாது. அரைமணி, ஒருமணி நேரத்துக் காவல் இந்தக் கணக்கில் வராது.

ஆயுத பூசைக்கு அந்தக் காவல்தான். ஓடுகிற பெட்டிக்குச் சந்தனம் வைப்பது முறையல்ல, வெட்டிக்கொண்டிருக்கிற மண்வெட்டிக்கு யாராவது பொட்டு வைப்பார்களா என்று கோமதிநாயகம் முதல் வருடமே தீர்ப்புச் சொல்லிவிட்டார். ஆகவே பூசையன்று பத்தரை மணிக்குத் தலைமைப் பெட்டியை அணைத்து, அரைமணி ஓய்வு கொடுப்பார்கள். அந்த நேரம் முழுவதும் சங்கரவடிவு தன் குடிலில் பெட்டி முன்னால் காவல் இருப்பாள். விண்கல் விழுந்து தலைமைப் பெட்டி பொடிப்பொடியானால் என்ன செய்வது என்று ராப்பகல் யோசித்து மாற்றுத் தலைமையைக் கண்டுபிடித்த மேதாவிகள், அது இப்படிச் சந்தனம் பூச உதவும் என்று கனவிலும் நினைத்திருக்க மாட்டார்கள்.

காவல் என்றால் சும்மா உட்கார்ந்திருப்பது. பூசை நேரத்தில் கருவியைத் தொடக்கூடாது. பத்து வருடமாக அவள் கைகளை மடியில் கோத்துக்கொண்டு, சுண்டல் வரும் வரைக்கும் பச்சைக் கண்களை எண்ணிக்கொண்டிருந்தாள்.

பன்னிரண்டு வருடத்துக்கு மேல் நிலாவில் இருந்த உடம்பைப் பூமி ஏற்காது. எலும்பு அப்பளமாகிவிடும், அங்கே இறங்கி ஒரு தும்மல் போட்டால் விலா நொறுங்கும் என்று வைத்தியர் சொல்லியிருந்தார். சங்கரவடிவு வந்து பதினோரு வருடமும் பதினோரு மாதமும் ஆகியிருந்தன. கப்பல் வருடத்துக்கு ஒன்று. பூசை முடிந்து இருபதாம் நாள் வருவதுதான் அவள் ஏறக்கூடிய கடைசிக் கப்பல்.

பூமியில் அவளுக்கு மகள் ஆவுடை இருந்தாள். கணவன் இறந்தபின், ஆறு வயது மகளைத் தங்கையிடம் விட்டுவிட்டு ஐந்து வருட ஒப்பந்தத்தில் வந்தவள் சங்கரவடிவு. ஒப்பந்தம் முடிந்த வருடத்திலிருந்து தவறாமல் விண்ணப்பம் எழுதினாள். மொத்தம் ஏழு. மற்றவர்கள் எழுதினார்கள், பதில் வந்தது, போனார்கள், புது ஆட்கள் வந்தார்கள். இவளுக்கு மட்டும் வரவில்லை.

சாப்பாட்டுக் குடிலில் பார்க்கும்போதெல்லாம் அவள் கேட்பாள். அவர் அப்பளத்தை உள்ளங்கையில் வைத்து நொறுக்கிச் சோற்றின் மேல் தூவிக்கொண்டே, ஒரே பதிலைச் சொல்வார். "இன்னும் பதில் வரலையே, தங்கச்சி. அடுத்த வாரம் வரும்."

மாற்றுத் தலைமையாயிற்றே, அதற்குத் தோதான ஆள் கிடைக்க வேண்டாமா என்று அவரே சமாதானமும் சொல்வார். பூமிக்காரனை அவளைவிட அதிகமாக அவர்தான் திட்டுவார். ஒரு தடவை அவளுக்காகக் கண்கலங்கிக்கூட இருக்கிறார். நிலாவில் கண்ணீர் கீழே விழ நேரம் எடுக்கும். நன்றாகப் பார்க்க முடிந்தது.

இந்த வருடம் பூசையன்று காலையில் அவர் நாலாவது குடிலுக்கு வந்தார். குளித்து, நெற்றி நிறையத் திருநீறு பூசி, மீசையைச் சீவியிருந்தார். பத்து வருடமாகச் சொல்லாத ஒன்றைச் சொன்னார்.

"பூசை நேரத்துல எதையும் தொட்டுறாத, தங்கச்சி. அந்தக் கடுதாசி வரிசைப் பக்கம் கண்ணே போவக்கூடாது."

"நான் என்னைக்குத் தொட்டிருக்கேன், அண்ணாச்சி?"

"அதுக்கில்ல. சொல்லி வைக்கேன்."

பத்தரைக்கு மணிச் சத்தம் கேட்டது. அவள் பெட்டியின் கண்கள் எல்லாம் ஒருசேர எரிந்தன. தலைமை இங்கே வந்துவிட்டது. திரையில் கொத்து முழுவதும் விரிந்தது. ஓரத்தில் கடித வரிசை. ஒவ்வொரு வருடமும் அதன்மேல் ஒரு பூட்டுப் படம் இருக்கும். அவரிடமிருந்து வருவதால் அவர் பூட்டிய பூட்டோடுதான் வரும். இந்த வருடம் பூட்டு இல்லை.

தொடாதே என்று சொல்லாமல் இருந்திருந்தால் அவள் பார்த்திருக்கவே மாட்டாள். சொன்னதால் பார்த்தாள்.

'உறுப்பு எண் நான்கு. அனுப்பாமல் நிறுத்தியவை: ஏழு. சேர்ப்பிக்காமல் நிறுத்தியது: ஒன்று.'

முதலில் அவளுக்குத் தோன்றியது, பெட்டி பழுது என்பதுதான். அண்ணாச்சியிடம் சொல்ல வேண்டும், பாவம், இது தெரியாமல் அவர் பூமிக்காரனைத் திட்டிக்கொண்டிருக்கிறார் என்றுகூட நினைத்தாள். பிறகு முதல் விண்ணப்பத்தைத் திறந்தாள். அடியில், நிறுத்தியவர் பெயரும் கைரேகையும் இருந்தன. இரண்டாவதிலும் இருந்தன. ஏழாவது வரைக்கும் போகத் தேவையில்லை, ஆனால் போனாள். ஏழிலும் அதே பெருவிரல், அப்பளம் நொறுக்குகிற விரல்.

எட்டாவது மூன்று வருடத்துக்கு முந்தைய கடிதம். ஆவுடை எழுதியது.

'அம்மா, நானும் சித்தியும் அலுவலகத்துக்குப் போய் விசாரித்தோம். உங்கள் பெயரில் இதுவரை விண்ணப்பமே வரவில்லை என்றார்கள். வர விருப்பம் இல்லாதவர்களை நாங்கள் எப்படி அழைத்துவர முடியும் என்று கேட்டார்கள். விருப்பம் இல்லை என்றால் இல்லை என்று எழுதிவிடுங்கள். நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். காத்திருப்பதை மட்டும் நிறுத்திக்கொள்வேன்.'

மூன்று வருடமாக மகளின் கடிதங்கள் நாலு வரியாகச் சுருங்கியிருந்தன. பெண் பெரியவளாகிவிட்டாள், பெரிய பெண்கள் அப்படித்தான் எழுதுவார்கள் என்று சங்கரவடிவு பிரம்மசக்தியிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறாள்.

கோபம் வரும்போது உடம்பு சூடாகும் என்பார்கள். அன்று அவளுக்கு வந்த கோபத்தைக் குழாய் போட்டு வெளியே விட்டிருந்தால், பள்ளத்துப் பனி முழுவதும் உருகி, நிலாவில் ஒரு தாமிரபரணி ஓடியிருக்கும். பதினோரு வருடத் தலைமை. ஊரின் பதினைந்து சாவி. பிரசவ விடுப்பு. வாந்திப் பை. எல்லாவற்றையும் ஒரு கணத்தில் அந்த மனிதரிடமிருந்து பிடுங்க வேண்டும் என்று இருந்தது அவளுக்கு. பூசை நேரத்தில் கருவியைத் தொட்டாள். முன்னுரிமை எண்ணை நூற்றைம்பதிலிருந்து கூட்டினாள். இருநூறோடு நிற்கவில்லை, இருநூற்றைம்பத்தைந்து என்று, அதற்குமேல் எண்ணே இல்லாத எண்ணைப் போட்டாள். 'நிரந்தரமா?' என்று பெட்டி கேட்டது. கட்டைவிரலைப் பதித்தாள். பிறகு தன் எட்டாவது விண்ணப்பத்தை எழுதி, முதல் தடவையாகத் தன் கையாலேயே பூமிக்கு அனுப்பினாள்.

பதினோரு மணிக்குத் தலைமைப் பெட்டி, மாலையும் சந்தனமுமாக மணமகன் மாதிரி கண் விழித்தது. தன்னைவிடப் பெரிய எண் ஒன்று கொத்தில் இருப்பதைப் பார்த்தது. சத்தம் போடாமல் போய், காலியாக இருந்த நாலாம் எண்ணில் உட்கார்ந்துகொண்டது.

கால்மணி நேரத்தில் கோமதிநாயகம் பொரியும் சுண்டலும் நிறைந்த தட்டோடு வந்தார். அவர் எடுத்து வைக்கும் ஒவ்வொரு அடிக்கும் பொரி தட்டிலிருந்து ஒரு சாண் எழும்பி, மறுபடி தட்டிலேயே வந்து இறங்கியது. நீண்ட நாள் பழக்கம், ஒன்றுகூடச் சிந்தாது.

"ஏழு கடுதாசி, அண்ணாச்சி," என்றாள் அவள். "ஏழையும் வெச்சிருந்தியளா?"

"வெச்சிருந்தேன்."

"எதுக்கு?"

"நீ போயிட்டா நான் என்ன செய்வேன்னு இருந்துச்சு."

"எம்புள்ள கடுதாசி? அது உம்மகிட்ட என்னய்யா கேட்டுச்சு?"

அத்தனை வருடத்தில் முதல் தடவையாக அவள் வாயில் 'உங்க' போய் 'உம்ம' வந்திருந்தது. அவர் அதைக் கவனித்தார். ஆனால் சண்டைக்கு வரவில்லை. தட்டைப் பெட்டியின் மேல் வைத்துவிட்டு, "தப்புதான், தங்கச்சி. தலைமை இனிமே ஒனக்குத்தான். நல்லா இரு," என்று சொல்லிவிட்டுப் போனார். ஒரு வருடச் சண்டைக்கு வேண்டிய வார்த்தைகளை அவள் அடுக்கி வைத்திருந்தாள். ஒன்றையும் செலவழிக்க விடவில்லை. கொடுக்க வந்ததைக் கொடுத்துவிட்டுப் போகிற தபால்காரர் மாதிரி நடந்து போனார்.

மத்தியானத்துக்குள் விஷயம் பதினாறு குடிலிலும் பரவிவிட்டது. அந்த மனுசனுக்கு இனி என் அடுப்பில் சுண்டல் கிடையாது என்று பிரம்மசக்தி அறிவித்தாள். அவள் மகனுக்கு எழுதிய கடிதங்களில் மருமகளைப் பற்றி எழுதியவை எல்லாம் அவர் கண்ணில் பட்டிருக்குமே என்பது அவளுடைய தனிக் கவலை.

இரண்டரை மணிக்குப் பூமியிலிருந்து பதில் வந்தது. ஏழு வருடமாக வராத பதில், மூன்றரை மணி நேரத்தில் வந்து நின்றது.

'மேலப்பள்ளம் கொத்தின் புதிய தலைமைப் பொறுப்பாளர் திருமதி சங்கரவடிவு அவர்களுக்கு வாழ்த்துகள். தங்கள் விண்ணப்பம் ஏற்கப்படவில்லை. விதி முப்பத்தொன்றின்படி, தலைமைப் பெட்டியின் பொறுப்பாளர் அப்பொறுப்பில் இருக்கும்வரை குடியிருப்பை விட்டு வெளியேற இயலாது. தலைமை மாற்றம் ஓராண்டுக்குப் பின்னரே பரிசீலிக்கப்படும்.'

அவள் விதி முப்பத்தொன்றைத் தேடினாள். அது ஒன்பது வருடத்துக்கு முன்னால் தலைமைப் பெட்டியின் விலாசத்துக்கு வந்திருந்தது. படித்ததற்கு அடையாளமாகப் பெருவிரல் இருந்தது. வேறு எந்தக் குடிலுக்கும் அது போகவில்லை. அதற்குப் பிறகு பெரிய பெட்டியின் பொறுப்புக்கு யார் வந்தாலும் பூமியிலேயே அந்த விதியைப் படித்துவிட்டுத்தான் கப்பல் ஏறுவார்கள். தலைமைக்கு மனமுவந்து விரல் பதிக்கச் சொன்னால் கையைப் பின்னால் கட்டிக்கொள்வார்கள். விதி வருவதற்கு முன் வந்து, விதி தெரியாமல், விரலோடு இருந்த ஒரே ஆள் சங்கரவடிவு. அவளைப் போகவிட்டால் அவருக்கு வெளியே போக வழியே இல்லை.

அதோடு முடியவில்லை. நாலாம் எண்ணிலிருந்து ஒரு விண்ணப்பம் வரிசையில் வந்து நின்றிருந்தது.

'அனுப்புநர்: கோமதிநாயகம், உறுப்பு எண் நான்கு. என் எலும்புகளின் பன்னிரண்டு வருடக் கெடு முடிகிறபடியால், வருகிற கப்பலிலேயே பூமி திரும்ப அனுமதிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.'

அடக்கமான, சுத்தமான விண்ணப்பம். அவள் பார்த்தது அதன் தலையில் இருந்த நேரத்தை. எழுதியது: இன்று காலை ஆறு இருபது. பூசை ஆரம்பித்ததோ பத்தரைக்கு. தலைமைப் பெட்டியின் மேல் ஒரு பூகூட விழாத நேரத்தில், அவர் தன்னை நாலாம் எண் என்று எழுதி வைத்துவிட்டுக் குளிக்கப் போயிருக்கிறார்.

சங்கரவடிவு அந்த அரைமணி நேரத்தைத் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்த்தாள். நிறுத்தி வைத்திருந்த ஏழில் ஏதாவது ஒன்றின் மேல் 'அனுப்பு' என்று தொட்டிருந்தால் போதும். விண்ணப்பம் போயிருக்கும். தலைமை அவரிடமே திரும்பியிருக்கும். இவள் நாலாம் எண்ணாகவே கப்பல் ஏறியிருப்பாள். அந்த வழி கண்ணெதிரே திறந்துதான் கிடந்தது. அதை அவர் மூடக்கூட இல்லை. அவளுக்குக் கோபம் வரும், கோபம் வந்தால் சின்னதாக எதையும் செய்ய மாட்டாள் என்று அவருக்குத் தெரியும். பதினோரு வருடமாக அவள் கடிதங்களை வாசித்தவர் அல்லவா.

சாயங்காலம் ஆவுடையிடமிருந்து ஒரு செய்தி வந்தது. வழியில் யாரும் நிறுத்தாமல், நேராக வந்து சேர்ந்த முதல் செய்தி. 'அம்மா, நீங்கள் விரும்பித் தலைமைப் பொறுப்பை எடுத்துக்கொண்டதாக அலுவலகத்தில் பலகையில் எழுதிப் போட்டிருக்கிறார்கள். இனி நான் கேட்க மாட்டேன். வாழ்த்துகள்.'

அவள் உடனே மகளோடு பேசினாள்; பூமியோடு நேராகப் பேசுவது தலைமைப் பெட்டியிலிருந்து மட்டும்தான் முடியும், மற்றவர்களுக்குக் கடிதம்தான். நடந்ததை எல்லாம் சொன்னாள். ஏழு விண்ணப்பம், பெருவிரல், பூட்டு, பூசணிக்காய் வரைக்கும் சொன்னாள். மறுபக்கம் ஆவுடை குறுக்கிடாமல் கேட்டாள். பூமியில் நின்று கேட்கிறவளுக்கு அது கட்டுக்கதை மாதிரிதான் இருக்கும் என்பது சொல்லும்போதே சங்கரவடிவுக்குத் தெரிந்தது. பதிலாக ஒரே ஒரு கேள்விதான் மகள் கேட்டாள்.

"அந்த விரல் நீங்களா வெச்சதுதானேம்மா?"

"ஆமா," என்றாள் சங்கரவடிவு.

அதன்பிறகு சம்பிரதாயமாக உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு மகள் வைத்துவிட்டாள்.

மறுநாளிலிருந்து சங்கரவடிவு தலைமை வேலையைப் பழுதில்லாமல் பார்த்தாள். பதினைந்து குடிலின் கடிதங்களும் வந்த நொடியே போயின. எதையும் வாசிக்கவில்லை. பூமியிலிருந்து வருகிறவற்றில் பெயர் மாறி அவளுக்கு வந்ததை எல்லாம் உரியவர்களிடம் சேர்த்தாள். பிரம்மசக்தியின் மருமகளைப் பற்றிய கடிதங்கள் இருமடங்காயின. நிலாவில் இப்படி ஒரு தலைமையைக் கண்டதில்லை என்று ஊரே சொன்னது; சொல்வதற்கு இதற்குமுன் ஒரே ஒரு தலைமையைத்தான் கண்டிருந்தார்கள் என்பது வேறு விஷயம்.

வரிசையில் ஒரே ஒரு கடிதம் மட்டும் நின்றது. தினமும் காலையில் அவள் அதைத் திறப்பாள். 'அனுப்பு', 'நிறுத்து' என்று இரண்டு கட்டங்கள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். விரல் முதல் கட்டம் வரைக்கும் போகும். ஐந்து நாள் வாந்திப் பையைப் பிடித்துக்கொண்டு துரத்திய மனிதரின் முகம் ஞாபகம் வரும். அதே முகத்தில் மெல்ல இறங்கிய கண்ணீரும் ஞாபகம் வரும். விரல் பக்கத்துக் கட்டத்துக்கு நகர்ந்துவிடும். விண்ணப்பத்தின் அடியில் அவள் விரல் ரேகை ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிந்துகொண்டே வந்தது.

பதினாறாம் நாள், சாப்பாட்டுக் குடிலில் அவர் தட்டோடு அவள் எதிரில் வந்து உட்கார்ந்தார். சுண்டல் தடை மட்டும்தான். பிரம்மசக்தி சோற்றை நிறுத்தியிருக்கவில்லை. மீசை சீவாமல் கிடந்தது. கொஞ்ச நேரம் குழம்பைப் பிசைந்தார். பிறகு, போகிற போக்கில் கேட்கிறவர் மாதிரி கேட்டார்.

"பூமியிலயிருந்து எனக்கு ஏதும் வந்துச்சா, தங்கச்சி?"

சங்கரவடிவு தன் தட்டிலிருந்த அப்பளத்தை எடுத்து உள்ளங்கையில் வைத்தாள். மெதுவாக நொறுக்கிச் சோற்றின் மேல் தூவினாள். தூள் விழுந்து முடிய நேரம் எடுத்தது. அது விழும்வரை அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிசைந்துகொண்டிருந்த கை நின்றுவிட்டது.

"இன்னும் பதில் வரலையே, அண்ணாச்சி," என்றாள். "அடுத்த வாரம் வரும்."

கப்பல் கிளம்ப நான்கு நாள் இருந்தது.